ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சையாளராகப் படிக்க விரும்புகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

வடலி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்காபரோவில் வசிப்பவள். முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் நீண்ட காலமாகப் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் தனிநபர் பராமரிப்புப் பணியாளராக வேலை செய்து வருகிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிப் புரட்டும் இந்த வேலையை ஓய்வுபெறும் வரை செய்ய என் முதுகு இடங்கொடாது என்பது தெரிகிறது. ஆனாலும் நோயுற்றவர்களோடு பழகும் தொழிலை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நிற்க மனமில்லை. ஆகவே முறையாகப் படித்து மசாஜ் சிகிச்சையாளர் ஆகலாமா என்று யோசிக்கிறேன்.

என் அம்மப்பா ஊரில் முறிவு நெரிவு வைத்தியம் பார்த்தவர். நோவெண்ணெய் பூசி உருவிவிடும் பக்குவத்தை அம்மா அவரிடமிருந்து கற்றார். அம்மாவிடமிருந்து ஓரளவு எனக்கும் வந்திருக்கிறது. கழுத்துப் பிடிப்பு என்றும் தோள்மூட்டு வலி என்றும் உறவினர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. இந்தக் கைப்பழக்கம் படிப்பில் உதவுமா, அல்லது அதை மறந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

விளம்பரங்களைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. ஓரிடத்தில் சில மாதங்களில் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னோரிடத்தில் இரண்டு ஆண்டுகள் என்கிறார்கள். அரச கல்லூரியொன்றில் மூன்று ஆண்டுகள் என்று போட்டிருக்கிறது. எல்லாவற்றின் முடிவிலும் ஒரே வேலைதான் கிடைக்குமா? ஆங்கிலத்தில் பேசவும் குறிப்பெழுதவும் என்னால் முடியும், ஆனால் உடற்கூற்றியல் பாடத்தை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதால் பணத்தைப் பற்றியும் கேட்கவேண்டியிருக்கிறது. இவை தவிர, அந்நிய ஆண்களின் உடலைத் தொடும் தொழில் நமக்கு எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அவர்களுக்குச் சொல்லத்தக்க தெளிவான பதில் எனக்கு வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

இளவேனில் எழுதியது:

வணக்கம், சகோதரி. நான் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். விளம்பரங்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். அந்தப் படிப்புகள் எல்லாவற்றின் முடிவிலும் ஒரே வேலை கிடைப்பதில்லை. ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சை என்பது தாதியர் தொழிலையும் பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவத்தையும் போலச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில். 1991ஆம் ஆண்டின் மசாஜ் சிகிச்சைச் சட்டப்படி, சி.எம்.ரி.ஓ. எனப்படும் இத்தொழிலின் ஒழுங்காற்று அமைப்பில் பதிவுபெற்றவர் மட்டுமே தம்மை மசாஜ் சிகிச்சையாளர் என்றோ ஆர்.எம்.ரி. (பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர்) என்றோ அழைத்துக்கொள்ளலாம். சில மாதச் சான்றிதழோடு ஸ்பா ஒன்றில் வேலை கிடைக்கக்கூடும். ஆனால் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது, பதிவெண்ணுடன் பற்றுச்சீட்டுக் கொடுக்க முடியாது, ஆகவே தொழிலிடக் காப்புறுதியை நம்பி வரும் நோயாளிகள் உங்களிடம் வரமாட்டார்கள். மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் மசாஜுக்குப் பணம் கொடுப்பதில்லை என்பதால், பெரும்பாலான கிளினிக்குகளின் வருமானம் அந்தத் தனியார் காப்புறுதியையே நம்பியிருக்கிறது.

எனவே ஒரு கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்தால், படிப்பின் நீளத்தையோ கட்டணத்தையோ கேட்பதற்கு முன், அந்தப் படிப்பை முடித்தவர் சி.எம்.ரி.ஓ.வின் பதிவுப் பரீட்சைக்குத் தோற்றத் தகுதி பெறுவாரா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலோடு நிறுத்திவிடாமல், ஏற்கப்பட்ட படிப்புகளின் பட்டியலைச் சி.எம்.ரி.ஓ.வின் இணையத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள். தனியார் தொழிற்கல்லூரிகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும், அரச கல்லூரிகளில் விடுமுறைக் காலம் எப்படி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று ஆண்டுகளும் ஆகும். இரண்டு வழியாலும் வருபவர்கள் அதே எழுத்துப் பரீட்சையையும் அதே செய்முறைப் பரீட்சையையும்தான் எழுதுகிறார்கள். அரச கல்லூரியில் கட்டணம் குறைவு, இடமும் குறைவு. முடிந்தால் அங்கேயே முயன்று பாருங்கள் என்பது என் கருத்து.

படிப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். உடற்கூற்றியல், உடலியங்கியல், நோயியல், எலும்பு மூட்டுப் பரிசோதனை முறைகள், சிகிச்சைக்கான உடற்பயிற்சி, வெந்நீர், குளிர்நீர் ஒத்தடங்களைப் பயன்படுத்தும் முறை, தொழில் ஒழுக்கம், சட்டம், வணிக நடைமுறை ஆகியவற்றோடு, மேற்பார்வையின் கீழ் பொதுமக்களுக்குச் சிகிச்சை செய்யும் மாணவர் கிளினிக்கும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கைவேலை என்று நினைக்கிறார்கள். ஆனால் படிப்பின் பெரும்பகுதி, எப்போது கைவைக்கக்கூடாது என்பதை அறிவதற்கே செலவாகிறது. ஓர் உதாரணம்: கொழும்பிலிருந்து நீண்ட விமானப் பயணம் செய்து வந்த ஒருவர், ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருக்கிறது, கொஞ்சம் உருவிவிடுங்கள் என்று கேட்கிறார். ஆழ்நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம் என்று அங்கே சந்தேகிக்கத் தெரியாதவர் அந்தக் காலை உருவினால், உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். நம்மவர்களிடையே நீரிழிவு பரவலாக இருக்கிறது; பாதத்தில் உணர்வு குறைந்த ஒருவருக்குச் சூட்டு ஒத்தடம் வைத்தால், தோல் வெந்துபோவது அவருக்கே தெரியாமல் போகலாம். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவரிடம் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம், அக்குள், தொடையின் மேற்புறம், முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் நரம்பும் குருதிக்குழாயும் தோலுக்கு அருகில் ஓடுவதால் தனிக் கவனம் வேண்டும். இவற்றைக் கற்பதற்குத்தான் அந்த இரண்டு ஆண்டுகள்.

உங்கள் பி.எஸ்.டபிள்யூ. அனுபவம் வீண்போகாது. நோயாளியிடம் பேசுவது, உடலை மூடி மானம் காப்பது, குறிப்பெழுதுவது ஆகியவற்றை ஏற்கெனவே அறிந்து வருபவர்கள் மாணவர் கிளினிக்கில் தடுமாறுவதில்லை.

கார்த்திகைப்பூ எழுதியது:

வணக்கம் அக்கா. நான் அண்மையில்தான் படிப்பை முடித்துப் பதிவு பெற்றேன். முந்தைய பதிவில் சொல்லப்படாத சில விடயங்களை எழுதுகிறேன். இவை எந்த விளக்கக் கையேட்டிலும் இருக்கவில்லை; முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

முதலாவது, நீங்கள் தொடுவதற்கு மட்டுமல்ல, தொடப்படுவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். செய்முறை வகுப்புகளில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் நோயாளியாகப் படுப்பார்கள். உள்ளாடையோடு மேசையில் படுத்து, விரிப்பால் மூடப்பட்டு, அன்று படிக்கும் பகுதி மட்டும் திறக்கப்படும். நம் வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு முதல் வாரங்களில் இது மிகவும் கடினமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் விரிப்பை மடிப்பதற்கும் செருகுவதற்கும் ஒரு முறை உண்டு, அதை ஆசிரியர்கள் மிகக் கண்டிப்பாகக் கற்பிக்கிறார்கள். விரிப்பு நழுவினால் மதிப்பெண் போகும். கொஞ்ச நாட்களில் அந்த விரிப்பு ஓர் உடையைப் போலவே உறுதியாகிவிடுகிறது. தனிப்பட்ட காரணமோ சமயக் காரணமோ இருந்தால், யாரோடு இணைந்து பயில்வது என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசலாம். அனுமதி பெறும் முன்னரே இதைக் கேட்டுவிடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு கல்லூரியின் நடைமுறையும் வேறு.

இரண்டாவது, நீங்கள் அஞ்சும் உடற்கூற்றியல். ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த அசைவைச் செய்கிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று நான்கு செய்திகளை மனனம் செய்ய வேண்டும். பெயர்கள் நீளமானவை, ஆனால் பொருளற்றவை அல்ல. கழுத்தின் பக்கவாட்டில் தடித்த கயிறாகத் தெரியும் ஸ்ரேர்னோகிளெய்டோமாஸ்ரொயிட் என்ற தசையின் பெயரிலேயே மார்பெலும்பு, காறையெலும்பு, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேடு என்று அது பற்றியிருக்கும் மூன்று இடங்களும் அடங்கியிருக்கின்றன. இப்படிப் பெயரைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிய பின் எனக்குப் பயம் குறைந்தது. புத்தகத்தில் படித்ததை அன்றிரவே வீட்டிலுள்ள ஒருவரின் தோளில் விரலால் தேடிப் பார்ப்பது, பத்துத் தடவை வாசிப்பதைவிடப் பயனுள்ளது. தங்கையின் தோளெலும்பைத் தேடித் தேடியே முதல் பருவப் பரீட்சைக்கு ஆயத்தமானேன்.

மூன்றாவது, நேரம். வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிட்டு முழுநேர வேலையையும் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். மாணவர் கிளினிக்கும் வெளியிடப் பயிற்சியும் மாலைகளையும் சில வார இறுதிகளையும் எடுத்துக்கொள்ளும். என் வகுப்பில் இடையில் நின்றவர்களில் பலர் பாடம் விளங்காமல் நின்றவர்கள் அல்லர், இரவுவேலை முடித்து வந்து காலை வகுப்பில் உட்கார முடியாமல் நின்றவர்கள். வார இறுதியில் மட்டும் ஒரு பணிமுறை வைத்துக்கொள்ள உங்கள் வேலைத்தளம் இணங்குமானால் சமாளிக்கலாம்.

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்முறைப் பரீட்சையில், கையின் திறமையைவிட வாயின் திறமை குறைந்ததாலேயே தடுமாறுபவர்கள் உண்டு. என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்கிறேன், இதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து, விரும்பாவிட்டால் எந்த நேரமும் நிறுத்தச் சொல்லலாம் என்பவற்றை நோயாளியின் இடத்தில் இருப்பவருக்கு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அதைச் சொல்ல மறந்துவிட்டு எவ்வளவு அழகாகப் பிசைந்தாலும் பயனில்லை. நான் கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் படித்தவன். இப்போது இங்கே வேறு துறையில் இருக்கிறேன். அம்மப்பாவிடமிருந்து வந்த கைப்பழக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதால், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவங்களில், கையால் உடலைப் பிடித்துவிடும் முறையான தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள். இங்குள்ள கல்லூரிகளில் அடிப்படையாகக் கற்பிக்கப்படும் சுவீடிஷ் முறையிலும் நீண்ட தடவல், பிசைதல், உரசல், தட்டல், அதிர்வு என்று ஐந்து வகைகள் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கை ஏற்கெனவே அறிந்தவை பல அங்கே இருப்பதைக் காண்பீர்கள். ஆகவே மறந்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. தசை இறுகியிருப்பதையும் தளர்வதையும் விரலால் உணரும் பழக்கம் ஒரு செல்வம். வகுப்பில் மற்றவர்களுக்கு அது வர மாதங்கள் ஆகும்.

ஆனால் ஓர் எல்லையை மிகத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். அம்மப்பா ஊரில் செய்தவற்றில் முக்கியமான சில பணிகள் ஒன்ராறியோவில் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை. 1991ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டம், எலும்பு முறிவைப் பொருத்துதல், விலகிய மூட்டை ஏற்றிவைத்தல், முள்ளந்தண்டு மூட்டுகளை அவற்றின் இயல்பான எல்லைக்கு அப்பால் விரைவான சிறு உந்தலால் நகர்த்துதல் ஆகியவற்றை அதற்கென அதிகாரம் பெற்ற தொழிலினருக்கு மட்டுமே அனுமதிக்கிறது. மசாஜ் சிகிச்சையாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. இன்ன நோய்தான் உங்களுக்கு இருக்கிறது என்று நோய்நிர்ணயம் சொல்வதும் அவ்வாறே கட்டுப்படுத்தப்பட்டது; மென்திசுக்களையும் மூட்டுகளையும் சோதித்து, நீங்கள் கண்டதையும் செய்யப்போகும் சிகிச்சையையும் விளக்கலாம், ஆனால் மருத்துவர் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லக்கூடாது. தோள்மூட்டு விலகி வரும் உறவினருக்கு அம்மப்பா ஏற்றிவைத்திருப்பார். நீங்கள் அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இது அம்மப்பாவின் அறிவுக்கு இழுக்கன்று. அவர் தம் ஊரில் ஒரு பரம்பரைப் பொறுப்பின்கீழ் செய்தார், நீங்கள் இன்னொரு பொறுப்பின்கீழ் செய்யப்போகிறீர்கள்.

நோவெண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று நோயாளிக்குச் சொல்ல முடியாத எண்ணெயைக் கிளினிக்கில் பயன்படுத்தாதீர்கள். நல்லெண்ணெயும் வேர்க்கடலை எண்ணெயும்கூடச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும். எண்ணெய் எதுவாயினும் முதலில் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

ஊரில் சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு குறிப்பு: அந்தப் பட்டம் இங்கே நேரடியாகப் பதிவைத் தராது, வெளிநாட்டில் பயின்றவர்களின் கல்வியை மதிப்பிட்டு, குறையும் பாடங்களைச் சுட்டிக்காட்டும் தனி நடைமுறை உண்டு. முதலில் அதற்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

நான் கணக்காளர், எனது வாடிக்கையாளர்களில் மசாஜ் சிகிச்சையாளர்கள் சிலர் இருக்கிறார்கள். பணப் பக்கத்தை யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

படிப்புச் செலவுக்கு முதலில் ஒசாப் எனப்படும் மாகாண மாணவர் நிதி உதவி அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் உண்டா என்று பாருங்கள். வேலையிழந்தவர்களுக்கென மாகாண அரசு நடத்தும் பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை வேலைவாய்ப்பு மையமொன்றில் விசாரியுங்கள்; நீங்கள் இப்போது வேலையில் இருப்பதால், வேலையை விடுவதற்கு முன்னரே விசாரிப்பது அவசியம். தனியார் தொழிற்கல்லூரியில் சேர்ந்தால் ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வாங்குங்கள். அதைப் பெற்ற இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து விலகினால் கட்டிய பணம் முழுவதையும் திருப்பிப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. பலர் இதை அறியாமல், மனம் மாறிய பிறகும் கட்டிய பணத்துக்காகவே தொடர்கிறார்கள்.

பதிவு பெற்ற பின் பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்வதில்லை. கிளினிக்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வொரு சிகிச்சையின் கட்டணத்திலும் ஒரு பங்கை அறை வாடகைக்கும் வரவேற்பாளர் செலவுக்குமாகக் கிளினிக்குக்கு விடுகிறார்கள். அப்படியானால் நீங்கள் சுயதொழில் செய்பவர். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு வேலைகொள்பவர் செலுத்தும் பங்கையும் நீங்களே செலுத்த வேண்டும்; விடுமுறைச் சம்பளம் இல்லை; நோயாளி வராவிட்டால் வருமானம் இல்லை. மசாஜ் சிகிச்சைக்கு விற்பனை வரி விலக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. எனப்படும் அந்த விற்பனை வரிக்குப் பதிவுசெய்து, 13 சதவீதத்தை நோயாளியிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் உங்கள் கணக்கில் கிடக்கும்போது உங்களுடையது போலத் தெரியும். தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனெனில் நம் சமூகத்தில் புதிதாக வருபவர்களிடம் இந்தக் கோரிக்கை கட்டாயம் வரும். ஆண்டு முடிவதற்குள் காப்புறுதிப் பணத்தை எடுத்துவிட வேண்டும் என்பதற்காக, செய்யாத சிகிச்சைக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள். கணவருக்குச் செய்ததை மனைவியின் பெயரில் எழுதச் சொல்வார்கள். திகதியை மாற்றச் சொல்வார்கள். கேட்பவர் மாமாவாக இருந்தாலும் ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள். அது மோசடி, காப்புறுதி நிறுவனம் கண்டுபிடித்தால் ஒழுங்காற்று அமைப்புக்கு முறைப்பாடு போகும், பதிவும் போகலாம். சிகிச்சைக் குறிப்புகளை கடைசிச் சந்திப்பிலிருந்து பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருப்பதால், குறிப்பும் பற்றுச்சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பிடிபடலாம்.

வடலி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சில மாதச் சான்றிதழ் எண்ணத்தை விட்டுவிட்டேன். அரச கல்லூரிக்கு விண்ணப்பிப்பதென்றும், கிடைக்காவிட்டால் பட்டியலில் உள்ள தனியார் கல்லூரியொன்றைப் பார்ப்பதென்றும் முடிவுசெய்திருக்கிறேன். இளவேனில் அவர்களிடம் மூன்று கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. பதிவு பெற்ற பின் பெண்களுக்கு மட்டும் சிகிச்சை செய்வேன் என்று நான் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் கணவரின் முதுகில் பழகலாமா? இந்த வயதில் தொடங்கினால் கையும் விரலும் எத்தனை காலம் தாங்கும்?

இளவேனில் எழுதியது:

மூன்றும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு: ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டக்கோவை, பால் அடிப்படையில் ஒருவருக்குச் சேவை மறுப்பதைத் தடைசெய்கிறது. ஆகவே ஆண்களை ஏற்கமாட்டேன் என்று பொதுவாக அறிவிப்பது உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். ஆனால் தகாத முறையில் பேசுகிறவரிடமோ நடந்துகொள்கிறவரிடமோ சிகிச்சையை உடனே நிறுத்தி அறையை விட்டு வெளியேற உங்களுக்கு முழு உரிமை உண்டு. வரவேற்பறையில் எப்போதும் ஆள் இருக்கும் கிளினிக்கையே தொடக்கத்தில் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் நீங்கள் ஆண்களைக் குளிப்பாட்டி உடைமாற்றிவிடுகிறீர்கள். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை, ஏனெனில் அங்கே ஒரு சீருடையும் ஒழுங்கும் இருப்பதை அவர்கள் அறிவார்கள். இங்கே அதைவிடக் கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. மார்பு, தொடையின் உட்புற மேற்பகுதி, பிட்டம் போன்ற இடங்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால், காரணத்தை விளக்கி, தொடுவதற்கு முன்னரே எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். அந்தப் படிவத்தைக் காட்டியபோதுதான் என் மாமியாரின் மனத்தடை நீங்கியது.

இரண்டாவது கேள்விக்கான பதில் பலரை வியப்பில் ஆழ்த்தும். மாணவியாக இருக்கும்போது, கல்லூரியின் விதிகள் அனுமதித்தால், வீட்டில் பழகலாம். பதிவு பெற்ற நாளிலிருந்து கணவருக்குச் சிகிச்சை செய்யக்கூடாது. நோயாளி ஒருவரோடு பாலுறவு கொள்வதைச் சட்டம் பாலியல் துஷ்பிரயோகமாகக் கொள்கிறது, அதற்குப் பதிவு நீக்கமே தண்டனை. மசாஜ் சிகிச்சையாளர்களுக்கு வாழ்க்கைத்துணை என்ற விதிவிலக்கு இல்லை. கடைசிச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு வரை அவர் நோயாளியாகவே கருதப்படுவார். ஆகவே கணவரின் முதுகுக்கு இன்னொரு சிகிச்சையாளரை இப்போதே பார்த்துவையுங்கள்.

கையைப் பற்றி: பெருவிரலால் அழுத்துபவர்கள் சில ஆண்டுகளிலேயே விரல்மூட்டு வலியோடு தொழிலை விடுகிறார்கள். முன்கை, முழங்கை, மடக்கிய விரல்முட்டி ஆகியவற்றைப் பயன்படுத்தவும், மேசையின் உயரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றவும், ஒரு காலை முன்வைத்து உடலின் எடையைச் சாய்த்து அழுத்தவும் முதல் பருவத்திலிருந்தே பழகுங்கள். கையால் தள்ளுவது உடலால் சாய்வதைவிட எளிதாகத் தோன்றும். களைப்பான நாளில் எல்லோரும் அதற்குத்தான் திரும்புவோம். உங்களுக்கு ஏற்கெனவே முதுகுவலி இருப்பதால், படிப்பைத் தொடங்குமுன் இயன்மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். நாளொன்றுக்கு நான்கைந்து நோயாளிகள் என்று வைத்துக்கொண்டு, இடையில் கால்மணி நேரம் விட்டால், நாற்பதில் தொடங்கியவர்களும் நீண்ட காலம் செய்கிறார்கள். என்னோடு பணிபுரிபவர்களில் அப்படி இருவர் இருக்கிறார்கள். நாளுக்கு எட்டுப் பேர் என்று கேட்கும் கிளினிக்கை நான் ஏற்கமாட்டேன்.

விண்ணப்பம் அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியின் மாணவர் கிளினிக்கில் குறைந்த கட்டணத்தில் நேரம் பதிவுசெய்து, நோயாளியாகப் போய்ப் படுத்துப் பாருங்கள். மாணவர் உங்களிடம் என்ன கேட்கிறார், விரிப்பை எப்படிக் கையாள்கிறார், சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளரை அழைக்கிறாரா, அழைத்தவுடன் அவர் வருகிறாரா என்பதையெல்லாம் கவனியுங்கள். பிறகு இரண்டு கல்லூரிகளில் எதைத் தேர்வது என்ற கேள்வி இருந்தால் இங்கே எழுதுங்கள், என் கருத்தைச் சொல்கிறேன்.